வால்டியூபும் தீக்குச்சியும்

நகரத்துச் சைக்கிள் கடையில் இப்போது வால்டியூப் கேட்டால் கடைக்காரர் ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கிறார். ஊர்ப்பக்கம் இன்னும் கிடைக்கிறது. காற்றடிக்கும் மூக்கின் மேல் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய்தான். அதை விரற்கடை அளவுக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, ஒரு துண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு ஆயிற்று. மூன்று குச்சிக்கு மூன்று துண்டு, முக்கோணம். நான்குக்கு நான்கு, சதுரம்.

முக்கோணத்தைப் பிடித்து அமுக்கினால் அசையாது. சதுரம் தொட்டவுடன் சாய்ந்துவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் இதைத் தங்கள் கைவேலையின் குறையென்றுதான் எடுத்துக்கொள்வார்கள். டியூபை மாற்றிப் பார்ப்பார்கள், குச்சியை இன்னும் உள்ளே தள்ளிப் பார்ப்பார்கள், பக்கத்துப் பையனின் சதுரமும் சாய்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். எல்லார் சதுரமும் சாய்கிறது என்று தெரிந்த பிறகே, இது சதுரத்தின் சுபாவம் என்ற எண்ணம் வரும். அப்புறம் ஒரு பிள்ளை நடுவில் குறுக்காக இன்னொரு குச்சியைக் கொடுத்து நிறுத்தப் பார்க்கும். "எட்ட மாட்டேங்குது டீச்சர்." எட்டாதுதான். பக்கமும் குறுக்கும் ஒரே நீளமாக இருந்தால் அது சதுரமாக நிற்காது. இரண்டு முக்கோணங்களை முதுகோடு முதுகு ஒட்டியதுபோல் ஒரு சாய்சதுரமாகத்தான் விறைத்து நிற்கும். சதுரமாகவே நிற்க வேண்டுமென்றால் நீளமான ஈர்க்கு வேண்டும். எவ்வளவு நீளம்? பக்கம் 10 செ.மீ. என்றால் குறுக்கு 14 செ.மீ.க்குச் சற்று மேலே. ஐந்து வருஷம் கழித்துப் பிதாகரஸ் என்ற பெயரில் வரப்போகிற விஷயம், அந்தப் பிள்ளைக்கு இப்போது ஈர்க்கை எங்கே ஒடிப்பது என்ற பிரச்சினையாக வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே வந்தால் உயர்மின் கோபுரம், கொட்டகைக் கூரைச் சட்டம், சைக்கிளின் பார் எல்லாவற்றிலும் முக்கோணம் கண்ணில் படத் தொடங்கும்.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு புனேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே 1972 முதல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் அரசோடு சேர்ந்து தொடங்கியது. ஆய்வுக்கூடமே பார்த்திராத கிராமப் பிள்ளைகள் தங்கள் கையால் சோதனை செய்து, பார்த்ததைத் தாங்களே எழுதி, அதைப் பற்றித் தங்களுக்குள் சண்டையும் போட்டு அறிவியல் படிக்க வேண்டும் என்பது திட்டம். வாரச் சந்தையில் கிடைக்கிற பொருள்களைக் கொண்டே அதைச் செய்ய வேண்டியிருந்தது. தீக்குச்சியும் வால்டியூபும் அந்தச் சந்தையின் வரவுதான்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஆனால் தமிழில் இதைச் சொல்லும்போது தீக்குச்சியோடு நின்றுவிட முடிவதில்லை.

தீக்குச்சி எங்கள் ஊர்ப்பக்கத்துச் சரக்கு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி. சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் பெட்டிக்குள் குச்சி நிரப்புவதும் பல பத்தாண்டுகளாகச் சிறுபிள்ளைகளின் விரல்கள் செய்த வேலை. விடியுமுன்னே கம்பெனி பஸ் கிராமத்துக்கு வந்து அரைத்தூக்கத்திலிருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். 1990இல் சலம் பென்னூர்க்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தில் அந்த விரல்களின் வேகத்தைப் பார்க்கலாம். சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் விரிவான தீர்ப்பு 1996 டிசம்பரில்தான் வந்தது. அபாயமான தொழிலில் பிள்ளைகளை வைத்திருக்கும் முதலாளி பிள்ளைக்கு இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது அது. ஹோஷங்காபாத்தில் ஒரு பிள்ளை தீக்குச்சியில் முக்கோணம் செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், கரிசல் காட்டில் அதே வயதுப் பிள்ளை அதே குச்சியை எண்ணாமல் கொள்ளாமல் அடுக்கிக்கொண்டிருந்தது.

ஆகவே, பிள்ளைகள் கையால் செய்து கற்கட்டும் என்று யாராவது சொன்னால், தமிழ்நாட்டில் ஒரு தகப்பனார் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது அறியாமையால் வருவதில்லை. நினைவிலிருந்து வருகிறது. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. 1954இல் ராஜாஜி பதவியிறங்க, காமராஜர் வந்ததும் திட்டம் போயிற்று. சிரைப்பவர் பிள்ளை சிரைக்கவும் வெளுப்பவர் பிள்ளை வெளுக்கவும் என்று கை விதிக்கப்பட்டிருந்த சமூகத்தில், புத்தகமும் பலகையும்தான் கையிலிருந்து தப்பிக்கும் வழி. அப்படிப்பட்ட வீட்டில், மகன் பள்ளிக்கூடத்திலிருந்து களிமண் ஒட்டிய விரல்களோடு வந்தால் அம்மாவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். "இதுக்கா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்புறேன்?"

காந்தியின் ஆதாரக் கல்வி இதற்கு முன்பே, 1937இல் வார்தாவில் பிறந்தது. தக்ளியில் நூல் நூற்பதிலிருந்து எண்ணல், அளவு, நேரக் கணக்கு எல்லாம் வரும் என்பது அதன் நம்பிக்கை. வரவும் செய்யும். மார்ஜரி சைக்ஸ் போன்றவர்கள் அதை உண்மையாகவே செய்து பார்த்தார்கள். 1928இல் இங்கிலாந்திலிருந்து சென்னை வேப்பேரி பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர் அவர், பின்னர் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வி ஆசிரியர்களைப் பயிற்றினார். ஆனால் அந்தத் திட்டத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளைகள் செய்யும் பொருள் விற்றுப் பள்ளிச் செலவுக்கு ஆக வேண்டும் என்றார் காந்தி. விற்க வேண்டுமென்றால் நூல் ஒரே சீராக இருக்க வேண்டும். அறுந்த நூல் கேள்வியாகாமல் நஷ்டமாகிவிடும். எனக்குத் தோன்றுகிற வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பட்டறையில் எல்லார் கையிலிருந்தும் ஒரே மாதிரிச் சரக்கு வர வேண்டும். வகுப்பில் ஒவ்வொரு கையிலிருந்தும் வேறு வேறாக வந்தால்தான் பேச்சே தொடங்குகிறது.

வளையல் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வரும் என்பது ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஏதாவது ஒரு கட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்துபார்க்கும் செயல்பாடு. நூலும் அளவுகோலும் போதும். வீட்டிலிருந்து வட்டமான பொருள் கொண்டுவரச் சொன்னால் டம்ளர், சம்படத்தின் மூடி, சைக்கிள் டயர், அம்மாவின் வளையல் எல்லாம் வரும். வளையல் கடையில் அளவு சொல்லும் முறை அம்மாக்களுக்கு அத்துப்படி. 2-4, 2-6, 2-8 என்பார்கள். 2-6 என்றால் உள்விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும், அதாவது ஏறக்குறைய 6 செ.மீ. கை நுழைய வேண்டும் என்பதால் கடைக்காரருக்கு உள்ளளவுதான் முக்கியம்.

இப்போது தடிமனான ஒரு பிளாஸ்டிக் வளையலைப் பிள்ளை அளக்கிறது. விட்டத்துக்கு அளவுகோலை உள்ளே வைத்து 6 செ.மீ. என்று குறிக்கிறது. சுற்றளவுக்கு நூலை வெளியே சுற்றுகிறது, வேறெப்படிச் சுற்ற முடியும்? வளையலின் சதை ஒரு பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் என்றால் வெளிவிட்டம் 6.6, நூல் காட்டுவது 20.7 செ.மீ. வகுத்தால் 3.45. டம்ளர் கொண்டுவந்த பிள்ளைக்கு 3.1. டயர் கொண்டுவந்தவனுக்கு நூல் போதாமல் இரண்டு துண்டை முடிந்ததில் 2.9. மூடிக்கு 3.2. முப்பது பிள்ளைக்கு முப்பது விடை பலகையில் நிற்கிறது. டீச்சர் கையிலிருக்கும் வழிகாட்டியில் 22/7.

இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், "சரி, நீங்க சரியா அளக்கல, சரியா அளந்தா 3.14 வரும், எழுதிக்கோங்க." அரை மணி நேரம் நூலும் கையுமாக உழைத்தவர்களுக்கு அந்த உழைப்பு வெறும் வேடிக்கை என்று சொல்லியாகிவிட்டது. இனி எதை அளந்தாலும் பிள்ளைகள் முதலில் டீச்சர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் முதலில் 3.14ஐ எழுதிவிட்டு, அதற்கேற்ற சுற்றளவைப் பின்னாலிருந்து பெருக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

இன்னொரு வழி, 3.45ஐ விட்டுவிடாமல் பிடித்துக்கொள்வது. அது ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறது? அந்தப் பிள்ளையையே மறுபடி அளந்துகாட்டச் சொன்னால், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று அளந்தது இரண்டு நிமிஷத்தில் வகுப்புக்கே தெரிந்துவிடும். வேறொரு பிள்ளை கண்டுபிடித்துச் சொல்வது இன்னும் நல்லது. அப்போது தவறு அந்தப் பிள்ளையின் மேல் விழாது; உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலிருக்கும் தடிமனின் மேல் விழும். கண்ணாடி வளையலுக்கு ஏன் இந்தக் கோளாறு குறைவு என்று அடுத்த கேள்வி தானாக வரும். முடிச்சுப் போட்ட நூலுக்கு என்ன ஆயிற்று என்பது அதற்கடுத்தது. மீதி எண்களைப் பலகையில் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால், அவை கன்னாபின்னாவென்று சிதறாமல் மூன்றைத் தாண்டி ஓரிடத்தில் கூட்டமாக நிற்பதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். அந்தக் கூட்டம் எனக்கு 22/7ஐ விடப் பெரிய விஷயமாகப் படுகிறது. எல்லா அளவிலும் பிசகு உண்டு, பிசகுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை ஹோஷங்காபாத் பாடநூல் ஒதுக்கித் தள்ளாமல் பாடமாகவே வைத்திருந்தது. காசு சுண்டித் தலையா பூவா என்று எண்ணும் பாடமும் அதில் உண்டு. தேர்வுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம் என்றும் வைத்திருந்தார்கள், ஏனென்றால் புத்தகத்தில் விடை இல்லை. முப்பது ஆண்டு நடந்து மாவட்டம் முழுக்கப் பரவிய அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

இங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில், செயல்வழிக் கற்றல் தொடங்கியது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலிக்காரர்கள் சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் அதன் மூலம். 2007-08இல் அது மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள், ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். பாடம் அட்டைகளாக உடைந்து ஏணியும் மைல்கல்லுமாக மாறியது. பிள்ளை தானே போய் அட்டையை எடுத்துக்கொண்டு, தன் வேகத்தில் ஏறும்.

அந்தத் தாழ்வான கரும்பலகையை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். அதுவரை சாக்பீஸ் ஆசிரியரின் கைப்பொருள். பிள்ளை பலகைக்கு அழைக்கப்படுவது அடி வாங்கவோ விடை ஒப்பிக்கவோதான். அதை ஆறு வயதுப் பிள்ளையின் தோளுயரத்துக்கு இறக்கி, உனக்கென்று ஒரு கட்டம் என்று கொடுத்தது பெரிய காரியம். பாயில் எல்லாரும் கலந்து உட்கார்ந்ததும் அப்படித்தான். ஆனால் அட்டைகள் நாளடைவில் துண்டு துண்டாக வெட்டிய பாடப்புத்தகமாகிப்போயின. எந்த அட்டைக்கு அடுத்து எந்த அட்டை என்பது முன்பே முடிவாகியிருந்ததால், பிள்ளை தன் வேகத்தில் ஏறலாமே தவிர, வேறு பக்கம் இறங்கிப் போக முடியாது. யார் எந்தப் படியில் என்று பதிவதிலேயே ஆசிரியரின் நாள் போயிற்று. அறிவியல், கணித உபகரணப் பெட்டிகளும் வந்தன. வந்த கையோடு ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிப் பீரோவுக்குள் போயின. உள்ளே ஒரு லென்ஸ் உடைந்தால் யார் பதில் சொல்வது? தலைமையாசிரியர் மேல் தப்பில்லை. தணிக்கைக்கு வருபவர் லென்ஸைத்தான் எண்ணுவார், அதன் வழியே பிள்ளை பார்த்த எறும்பை எண்ண மாட்டார்.

இதற்கு நேரெதிர் முனையில் அறிவியல் கண்காட்சி. தெர்மாகோலில் எரிமலை, அட்டையில் சூரியக் குடும்பம், சார்ட்டில் சுவாச மண்டலம். பாதி அப்பா செய்தது, மீதி ஸ்டேஷனரிக் கடை செய்தது. பிள்ளை கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருபவர் எல்லாரிடமும் ஒரே வசனத்தை ஒப்பிக்கும். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் நுரை வரும் என்பது அங்கே எல்லார்க்கும் முன்பே தெரியும். எத்தனை ஸ்பூன் சோடாவுக்கு எத்தனை மூடி வினிகர் என்று மாற்றிப் பார்த்தால் ஒரு கட்டத்துக்கு மேல் வினிகர் ஊற்றியும் நுரை வராமல் நின்றுவிடும். அப்படி வராமல் நிற்கிற எரிமலையை எந்தக் கண்காட்சியிலும் யாரும் வைப்பதில்லை. இந்த வரிசையில் கோலத்தையும் பல்லாங்குழியையும் சேர்த்துவிடுவேன். தமிழ் மரபில் கணிதம் என்று மேடையில் பேச அவை வசதி. கற்றல் விளைவு என்று ஓர் எண்ணைப் போட்டு அவற்றை வகுப்புக்குள் கொண்டுவந்த மாத்திரத்தில், பல்லாங்குழி ஆடத் தெரிந்த பிள்ளைக்கு அது பாடமாகிக் கசந்துவிடுகிறது.

பணக்காரப் பள்ளிகள் இதற்கெல்லாம் விலக்கு என்று எண்ண வேண்டாம். மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, போர் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கினார். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். அவருடைய கட்டையில் பத்துக் குழிகளும் பத்து உருளைகளும் இருக்கும். ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் கையில் மிஞ்சும். தப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த இந்த யோசனை, இன்று சென்னையில் நல்ல கட்டணத்துக்கு விற்கிற பெயர்ப்பலகை. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணுகிற மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளை செய்வதும் அதேதான், அதற்கு யாரும் பெயர்ப்பலகை மாட்டுவதில்லை.

செலவே இல்லாமல் இதைச் செய்துகாட்டிய மனிதர் ஒருவர் சென்னையில் இருந்தார். பி.கே. சீனிவாசன், முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் நூலாக்கியவர் என்றுதான் வெளியுலகம் அவரை அறியும். 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைந்ததும் அவரால்தான். ஆனால் அவருடைய முழுநேர வேலை, பிள்ளைகளுக்கு எண்ணை விளையாடக் கொடுப்பது. மாதக் காலண்டர் ஒரு தாள் போதும் அவருக்கு. அதில் எங்கேயாவது இரண்டுக்கு இரண்டாக நாலு தேதிகளைச் சுற்றி ஒரு கட்டம் போடுங்கள். 8, 9, 15, 16 என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே கூட்டினால் 24, மற்ற குறுக்கேயும் 24. பெருக்கினால்? எட்டுப் பதினாறு 128, ஒன்பது பதினைந்து 135. வித்தியாசம் 7. வேறு எந்த நாலு தேதியை எடுத்தாலும் 7தான். ஏன் 7 என்று கேட்கும் பிள்ளை, வாரத்துக்கு ஏழு நாள் என்பதில் வந்து நிற்கும். வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஒரு காலண்டர் போட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தால் போதும், அது இயற்கணிதத்துக்குள் நுழைந்துவிட்டது. எக்ஸ், ஒய் என்று பெயர் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை.

காலண்டர் எல்லா வீட்டிலும் தொங்குகிறது, மளிகைக் கடை இலவசமாகக் கொடுத்தது. அதைவிட மலிவு, பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழலை அளப்பது. உச்சிவேளையில் சூரியன் நேரே தலைக்கு மேல், நிழல் காலடியில் என்று நாம் எல்லாரும் பேச்சில் சொல்கிறோம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பத்து நிமிஷத்துக்கொரு முறை நிழலின் முனையில் ஒரு கல் வைத்துக்கொண்டே வந்தால் முதல் நாளே இரண்டு கோளாறு தெரியும். நிழல் மறையவே இல்லை. அது மிகக் குட்டையாகும் நேரமும் பன்னிரண்டு மணி இல்லை. நம் கடிகாரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது; தமிழ்நாடு முழுவதும் அதற்கு மேற்கே. சென்னையில் பிப்ரவரி நடுவில் உச்சி 12.23க்கு, நவம்பர் தொடக்கத்தில் 11.52க்கே வந்துவிடும். கோயம்புத்தூருக்கு எப்போதும் சென்னையை விடப் பதின்மூன்று நிமிஷம் தாமதம்.

மூன்றாவது கோளாறுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உச்சி நிழல் வடக்கே விழும் என்று எழுதிய புத்தகம் உண்டு. வட இந்தியாவில், டெல்லியில் உட்கார்ந்து எழுதினால் அது ஆண்டு முழுக்கச் சரி. நம் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. சென்னையில் ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சியின் உச்சி நிழல் 18 செ.மீ., தெற்கே. டிசம்பர் 22 அன்று 74 செ.மீ., வடக்கே. நடுவில் அது ஒருநாள் இல்லாமல் போய்த்தானே திசை மாற வேண்டும்? சென்னையில் அது ஆகஸ்ட் 18 வாக்கில். ஏப்ரல் 24 வாக்கில் இன்னொரு முறை வரும், அப்போது ஆண்டுத் தேர்வும் விடுமுறையுமாகப் போய்விடும். கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊருக்கும் ஆண்டில் இரண்டு நிழலில்லா நாள் உண்டு, டெல்லிப் பிள்ளைக்கு ஒன்றுகூடக் கிடையாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் சில ஆண்டுகளாக அந்த நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் குச்சி நடுகிறார்கள். சட்டியில் கிரகணம் பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இது நல்ல திருவிழா.

நிழலைக் கையில் வைத்துக்கொண்டு பூமியை அளக்கவும் செய்யலாம். கிரேக்க அறிஞர் ஈராடோஸ்தனிஸ் எகிப்தில் செய்ததை இரண்டு டீச்சர்களும் ஒரு தொலைபேசியும் இருந்தால் இங்கேயே செய்துவிட முடியும். சென்னையில் நிழல் மறைகிற அன்றைக்குக் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் குச்சிக்கு 9 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான நிழல் தெற்கே விழும். குச்சியையும் நிழலையும் தாளில் வரைந்து பாகைமானி வைத்தால் 5 பாகை. இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்காக ஏறக்குறைய 555 கி.மீ. 360இல் எத்தனை ஐந்து? 72. 72ஐ 555ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.க்கு அருகில் வந்து நிற்கும்.

கணக்கில் நிற்கும், மைதானத்தில் அவ்வளவு சுலபமாக நிற்காது. நிழலை ஒரு செ.மீ. கூடுதலாக அளந்தால் பூமி 36,000 ஆகிச் சுருங்கும், ஒரு செ.மீ. குறைந்தால் 45,000 ஆகி வீங்கும். கன்னியாகுமரிப் பிள்ளைகளே வழி சொல்வார்கள். குச்சியை நீட்டு, மூன்று மீட்டர் மூங்கில் நடு, நிழலும் மூன்று மடங்காகும், ஒரு செ.மீ. பிசகு பெரிதாகத் தெரியாது. நட்டுப் பார்த்தால் புதிய தொல்லை. மூங்கில் நீள நீள நிழலின் முனை மங்கிக்கொண்டே போகும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலமுள்ள வட்டமாக இருப்பதால், மூன்று மீட்டர் உயரத்துக்கு இரண்டரைச் செ.மீ.க்கு மேல் ஒரு சாம்பல் விளிம்பு விழும். எது முனை என்று தரையில் மண்டியிட்டு நாலு பேர் சண்டை போடுவார்கள். இதற்கும் ஒரு மருந்து இருக்கிறது. மூங்கிலின் உச்சியில் ஓர் அட்டையைக் கட்டி, அதில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டால், அட்டையின் நிழலுக்குள் ஓர் ஒளிவட்டம் தரையில் விழும். அதன் நடுவில் சாக்பீஸால் புள்ளி வைப்பது சுலபம்.

பிளேடு வைத்து வெட்டியதால் ஓட்டை சதுரமாக இருந்திருக்கும். தரையில் மட்டும் ஏன் வட்டமாக விழுகிறது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், பூமியை அளக்கும் வேலையை நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டியதுதான்.